கூலியின் மேல் விழும் இறை
ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆராய்வு

இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளைக்குச் செல்லும் பெருந்தெரு, பெரகலைச் சந்தியை அடையுமுன் ஹல்துமுல்லை என்னும் சிற்றூரைக் கடந்து செல்கின்றது. தலைக்குமேல் அப்புத்தளை மலைத்தொடர். காலடியில் தென்றிசைத் தாழ்நிலம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிற் கோப்பிக்காகக் காடழிக்கப்பட்ட இச்சரிவுகள், 1869 முதற் பரவிய இலைநோயாற் கோப்பி மடிந்தபின் தேயிலைக்கு மாறின. இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களிற் சம்பள நாளன்று கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கையிற் கிடைக்கும் சம்பளச் சீட்டே இக்கட்டுரைக்கு முதற்பொருள்.

அச்சீட்டிலே கழிவுகள் பல. அவற்றுள் ஒன்று ஊழியர் சேமலாப நிதிக்காகக் கழிக்கப்படும் நூற்றுக்கு 8 வீதம். இதனைத் தாம் கொடுப்பதாக அப்பெண் அறிவாள். இதற்கு மேலாகத் தோட்ட நிருவாகம் அதே நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்துகின்றது. இவை கழிவுகளின் வரிசையில் இரா. நிருவாகம் தன் பையிலிருந்து கொடுப்பன இவை என்பதே பொதுமக்கள் கொள்கை. சட்டத்தின் கொள்கையும் அதுவே. தொழில்கொள்வோர் தமக்குரிய பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து கழித்தல் ஆகாது என்று சட்டம் விலக்கியிருக்கின்றது. ஆயின் ஒருவர் செலுத்துவது வேறு, ஒருவர் சுமப்பது வேறு. பொருளியலார் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் இவ்வேறுபாட்டை நம் நாட்டிற் கூலி பற்றிப் பேசுவோர் பலர் கருதுவதேயில்லை.

அரசிறை பற்றிப் பேசப் புகுந்தோர் பிசிராந்தையார் காட்டிய யானையை நினையாதிருத்தல் அரிது. ஆனால் அப்புலவர் ஆராய்ந்தது இறையை எம்முறையில், எவ்வளவு கொள்வது என்பதனை. கொண்ட இறை ஈற்றில் எவர்மேற் சென்று தங்கும் என்பதனை அன்று. பின்னையதே நம் ஆராய்ச்சி.

முதலில் இந்நிதிகளின் வரலாற்றைச் சுருங்கக் காண்பாம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி தோன்றியது. அக்காலத்திற் றொழில் அமைச்சராயிருந்தவர் ரி. பி. இலங்கரத்தின. தொடக்கத்திலே தொழில்கொள்வோர் 6 வீதமும் தொழிலாளர் 4 வீதமும் செலுத்தினர். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவை முறையே 9, 6 ஆயின. 1981இல் 12, 8 ஆயின. அதே 1981ஆம் ஆண்டிலே, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதி தொடங்கிற்று. அதற்குரிய 3 வீதம் முழுவதும் தொழில்கொள்வோர் பங்கே. 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டுக்குக் குறையாது வேலை செய்து விலகும் நாட்கூலித் தொழிலாளிக்கு ஓராண்டு சேவைக்குப் 14 நாட் கூலி கொடுக்கப்படல் வேண்டும் என்றது. 1958இல் 10 வீதமாயிருந்த சுமை கால் நூற்றாண்டுக்குள் 23 வீதமும் பணிக்கொடையுமாக வளர்ந்துவிட்டது.

இவற்றை வரி எனல் பொருந்துமா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. அரசினர் திறைசேரியிற் சேர்ந்து மறையும் பணம் அன்று இது. ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கு உண்டு. ஆண்கள் 55, பெண்கள் 50 வயதடைந்து வேலையை விட்டபின் வட்டியோடு மீளப் பெறலாம். ஆயினும் விரும்பினாற் செலுத்தலாம், விரும்பாவிடின் விடலாம் என்னும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆகவே பாதி வரி, பாதி சேமிப்பு என்றே இதனைக் கொள்ளுதல் தகும். எப்பாதி பெரிது என்பது, தொழிலாளி அக்கணக்கிலுள்ள பணத்தைத் தன் பணமாக எவ்வளவு மதிக்கின்றார் என்பதைப் பொறுத்தது. இக்கருத்து பின்னரும் வேண்டப்படும்.

இனி, சுமை எவரைச் சாரும் என்பதனை ஆராய்வாம். மூன்று தரத்தார் உளர்: தேநீர் அருந்துவோர், தோட்டம் உடையோர், தொழிலாளர்.

தேநீர் அருந்துவோர்மேற் சுமையை ஏற்றுதல் நம் தோட்டங்களால் இயலாது. ஊவாத் தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்கப்படுகின்றது. அங்கு விலையை நிறுவுவது உலகச் சந்தை. கென்னியாவும் இந்தியாவும் குறைந்த விலைக்குக் கொடுப்பின், ஹல்துமுல்லையிற் கூலிச்செலவு கூடிற்று என்பதற்காக எவரும் ஒரு சதமேனும் கூட்டிக் கொடார். ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலை பெறும் தனி மணத்துக்கு ஓரளவு மேல்விலை கிடைப்பதுண்டு. அஃது ஆண்டிற் சில வாரங்களுக்கே.

எனவே எஞ்சியோர் இருவர். இவ்விருவருள் எவர் அவ்விடம் விட்டு விலக வல்லாரோ அவர் சுமையைத் தள்ளிவிடுவர். விலக மாட்டாதார் சுமப்பர். இதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை என்க.

தோட்டம் உடையோர் குறுங்காலத்தில் விலக மாட்டார். நட்ட தேயிலைச் செடி பல பத்தாண்டு நிற்பது. அதனைப் பிடுங்கி வேறிடம் கொண்டுபோதல் இயலாது. ஆதலின் இறை கூடிய முதலாண்டுகளில் அதன் பெரும்பகுதி இலாபத்தையே அரிக்கும். ஆனால் அவர்க்கு ஒரு வழி உண்டு. பழஞ்செடிகளை அகற்றிப் புதிதாக நடுதலை நிறுத்திவிடலாம். மலைநாட்டிற் காடேறிக் கிடக்கும் தேயிலை மலைகளுக்குக் காரணம் இது ஒன்றே என்று கூறமாட்டேன். இதுவும் ஒன்று என்பதிற் றடையில்லை.

தொழிலாளர் நிலை இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. 1958இல் அவர் விலக வல்லராயிருந்தாரா? இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள் அவர். குடியிருந்த லய அறையும், பிள்ளைகள் படித்த பள்ளியும், கடன் கொடுத்த கடையும் தோட்டத்தினுள்ளேயே இருந்தன. வெளியே வேலை தேடிச் செல்வதற்கு மொழியும் இல்லை; உரிமைச் சீட்டும் இல்லை. இங்ஙனம் கட்டுண்ட உழைப்பின்மேல் விழும் இறையிற் பெரும்பகுதி உழைப்பையே சாரும் என்பது பொருளியல் முடிபு. எவ்வாறு? கூலி வெளிப்படையாகக் குறைக்கப்படுவதில்லை. உயரவேண்டிய காலத்தில் உயராது நின்றுவிடும். விலைவாசி ஏற, நின்ற கூலி தானே தேயும். எவரும் கழித்ததாகத் தோன்றாது.

இன்றோ நிலை பெரிதும் மாறிவிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்ற நிலை பெரும்பாலும் நீங்கிற்று. இளைஞர் கொழும்பிற் கடைகளுக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மேற்காசிய நாடுகளுக்கும் செல்கின்றனர். கொழுந்து பறிக்க ஆளில்லை என்பது துரைமாரின் அன்றாட முறையீடு. விலக வல்ல உழைப்பின்மேற் சுமையை முன்போல் ஏற்றல் இயலாது. ஆகவே அதே 15 வீதம், அதே சட்டம், ஆயினும் சுமப்பவர் இரு தலைமுறைக்குள் மாறிவருகின்றார். சட்டநூலை மாத்திரம் படிப்போர்க்கு இம்மாற்றம் தோன்றாது.

பிறநாட்டுச் சான்றுகள் சில ஈண்டு உதவும். சிலி நாட்டில் 1981இல் ஓய்வூதிய முறை மாற்றப்பட்டபோது, தொழில்கொள்வோர் செலுத்திய கூலிப்பட்டியல் வரி சில ஆண்டுகளில் ஏறத்தாழ 25 வீத அளவு வீழ்ந்தது. இதனை ஆராய்ந்து ஜொனதன் குரூபர் 1997இல் வெளியிட்ட முடிபு: வரி குறைந்த அளவுக்குக் கூலி கூடிற்று, வேலைவாய்ப்பிற் குறிக்கத்தக்க மாற்றம் இல்லை. அஃதாவது அதுகாறும் அவ்வரியைச் சுமந்தோர் தொழிலாளரே.

சிங்கப்பூரின் கதை வேறுவகையானது. நம் தமிழர் பலர் நேரிற் கண்டது. அங்கு மத்திய சேமலாப நிதி 1955இல் இருதிறத்தாரும் 5 வீதம் செலுத்தும் ஏற்பாட்டோடு தொடங்கிற்று. படிப்படியாக ஏற்றப்பட்டு 1984இல் 25, 25 என்னும் உச்சத்தை எட்டியது. ஒருவர் கூலியிற் பாதிக்குச் சமமான தொகை நிதிக்குச் சென்றது. அடுத்த ஆண்டே பொருளாதாரம் சுருங்கிற்று. ஏற்றுமதியை நம்பிய அந்நாட்டில் உழைப்புச் செலவு பிறநாடுகளோடு போட்டியிட முடியாத அளவு உயர்ந்துவிட்டதென்று கண்ட அரசினர், 1986 ஏப்பிரலிற் றொழில்கொள்வோர் பங்கை 25இலிருந்து 10 வீதமாகக் குறைத்தனர். சிலியிற் கூலி மெல்லச் சரிசெய்துகொண்டது. சிங்கப்பூரிலோ கூலியும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தமையால் அங்ஙனம் நேரவில்லை. இறையை ஏற்றுவோர் அறிந்திருக்கவேண்டியது இதுதான்: கூலி இறங்க இடமுள்ளபோது சுமை கூலியைச் சாரும், இடமில்லாதபோது வேலையைச் சாரும்.

ஊவாத் தோட்டங்களிற் கூலி இறங்க இடமில்லை. 2021க்கு முன் கூட்டு ஒப்பந்தமும் அதன்பின் சம்பளச் சபையின் ஆணையும் அடிமட்டத்தை நிறுவிவிட்டன. ஆயின் சுமை எங்கே சென்றது? இக்கட்டுரையின் மையம் இதுவாதலின் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வாம். நாட்கூலி 730 ரூபா என்று பறைசாற்றப்பட்டது. அத்தொகையின் உட்கூறு இவ்வாறு: அடிப்படைக் கூலி 500, வரவு ஊக்கத்தொகை 60, உற்பத்தி ஊக்கத்தொகை 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30. சேமலாப நிதி அடிப்படைக் கூலிக்கு மாத்திரமே கணிக்கப்பட்டது. எஞ்சிய 230 ரூபாவுக்கு நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. ஏன் இங்ஙனம் வகுத்தனர்? கணக்கிட்டாற் காரணம் வெளிப்படும். ஆண்டில் 280 நாள் வேலை செய்யும் ஒருவருக்குப் பணிக்கொடையாகிய 14 நாட் கூலி சரியாக 5 வீதம் ஆகும். எனவே அடிப்படைக் கூலியிற் சேரும் ஒவ்வொரு 100 ரூபாவும் நிருவாகத்துக்கு 120 ரூபா. ஊக்கத்தொகையாகக் கொடுக்கப்படும் 100 ரூபா வெறும் 100 ரூபாவே. 230 ரூபாவை ஊக்கத்தொகைகளாக ஒதுக்கியதால் ஓர் ஆளுக்கு ஒரு நாளில் 46 ரூபா மிஞ்சிற்று.

தொழிலாளிக்கு விளைந்தது யாது? 230 ரூபாவிலிருந்து 8 வீதம் கழிக்கப்படாமையால் அன்றைக்கு 18 ரூபா 40 சதம் கையிற் கூடியது. ஆனால் அவர் கணக்குகளிற் சேராது போனது, இருபங்குச் சேமலாப நிதி 46 ரூபாவும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 6 ரூபா 90 சதமுமாக 52 ரூபா 90 சதம். பணிக்கொடை இழப்பு இதற்குப் புறம்பு. மேலும் ஊக்கத்தொகை வேலைக்கு வந்த நாட்களின் எண்ணிக்கைக்கும் பறித்த கொழுந்தின் நிறைக்கும் கட்டுப்பட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாள் நின்ற தாய்க்கு அது கிடையாது. இறை வீதம் உயர உயர, கூலியை இறைக்குட்பட்டது, உட்படாதது என்று பிளக்கும் ஆவல் வலுப்பெறும். வீதம் 10 ஆயிருந்த காலத்தில் இப்பிளவாற் பெறும் இலாபம் அற்பம். 23 ஆனபோது அது பேரம் பேசத்தக்க பொருளாயிற்று.

தொழிற்சங்கங்கள் இதற்கு உடன்பட்டமை எனக்கு வியப்பன்று. மேடையிற் கூறுதற்கு 730 என்னும் எண் 500 என்பதினும் நன்று. சம்பள நாளிற் கடைக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய கடன், ஐம்பதாவது வயதிற் கிடைக்கும் பணத்தினும் அண்மையிலுள்ளது. வறியோர் எதிர்காலத்தைக் குறைத்து மதிக்கின்றனர் என்று பழித்தல் எளிது; அவர்தம் அடுப்பை நோக்கினாற் பழிக்கத் தோன்றாது.

2019 ஒப்பந்தம் இப்பிளவைப் பெரும்பாலும் நீக்கியது: அடிப்படைக் கூலி 700, விலைப் பங்கு 50. வரவு ஊக்கமும் உற்பத்தி ஊக்கமும் ஒழிந்தன. 2021 மார்ச்சிற் சம்பளச் சபை ஆணைவழி 900 ரூபாவும் வரவுசெலவுத் திட்டச் சலுகைக் கொடுப்பனவு 100 ரூபாவுமாக 1000 ரூபா நிறுவப்பட்டது. இதன்மேல் 120, 30, பணிக்கொடைக்கு 50 என்று கூட்டினால் நிருவாகத்துக்கு 1200. தொழிலாளி 80 ரூபா கழிந்து 920 பெறுவார். கொடுப்பதற்கும் பெறுவதற்கும் இடைவெளி 280 ரூபா.

அடிமட்டமும் உயர்ந்தது, பிளக்கும் வழியும் அடைபட்டது. சுமை வேறு வழி தேடிற்று. ஒரு முழுப் பேருக்குரிய நிறை கூட்டப்பட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர். மாதத்தில் வேலை கொடுக்கும் நாட்கள் குறைந்தன. இவை பல தோட்டங்களிலிருந்தும் எழுந்த முறையீடுகள். கூலி குறையாது, கூலி பெறும் நாள் குறையும். சம்பளப் போராட்டத்தை நாட்கூலி என்னும் ஓரெண்ணால் அளப்போர் இதனைக் காணார். 2024இல் நாட்கூலி 1350 ஆக உயர்த்தப்பட்ட காலத்தும், அதனோடு ஓர் ஊக்கத்தொகையைச் சேர்ப்பதா என்னும் வழக்கு மீண்டும் தலையெடுத்தமை கருதற்பாலது. பழைய பிளவு வேறொரு வடிவிலே திரும்பியதென்க.

இதனினும் ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. தோட்டக் கம்பனிகள் சில, தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டு, அவர் பறித்துக் கொடுக்கும் கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்துள்ளன. இம்முறையிற் கொழுந்து கொடுப்பவர் தொழிலாளி அல்லர், வழங்குநர். செக்றோலில் அவர் பெயர் இராது. ஆகவே சேமலாப நிதியும் இராது. நாட்டின் தேயிலையில் மூன்றில் இரு பங்குக்கு மேல் இன்று சிறுநிலத்தாருடையது. அங்கு வீட்டார் உழைப்புக்கு இறை இல்லை. ஒரே ஏலத்தில் ஒரே விலைக்கு விற்கும் இருவருள் ஒருவர் கூலியின்மேல் 20 வீதம் கூடுதற் சுமை தாங்க, மற்றவர் தாங்காதிருப்பின், தாங்குபவர் தாங்காதவரைப் போல் ஆக முயலுதல் இயல்பு. பங்குமுறையை நான் முழுவதும் வெறுப்பவனல்லன். தன் மலை என்னும் உணர்வு சில குடும்பங்களுக்கு நல்ல வருவாயைத் தந்திருக்கலாம். ஆனால் முதுமைக்குரிய பணம் அதன் விலையில் அடங்கியிருக்கின்றதா என்பதைக் கேட்டறியாமற் கைச்சாத்திடுதல் தகாது. பதிவின்றிக் கைக்காசுக்கு வேலை செய்வோர் நிலை இதனினும் இழிந்தது. அவர்க்குக் கேட்டறியவும் இடமில்லை.

இனி, முன்பு குறித்த கருத்துக்கு மீள்வாம். கணக்கிலுள்ள பணத்தைத் தன் பணமாகத் தொழிலாளி எவ்வளவு மதிக்கின்றாரோ அவ்வளவுக்கு அது வரியன்று, பிற்படுத்தப்பட்ட கூலியே. இங்ஙனம் மதிக்கப்படும் கட்டாயக் கொடைகளால் வேலைவாய்ப்புக்கு அதிகக் கேடில்லை என்று லாரன்ஸ் சம்மர்ஸ் 1989இல் விளக்கினார். தொழிலாளி அதனைத் தன் பணமாகக் கருதுவதால், அதற்கு ஈடாகக் கைக்கூலி சற்றுக் குறைந்தாலும் வேலையை விட்டு நீங்கார் என்பது அவர் வாதம். எனவே வீதத்தை ஏற்றுவதா இறக்குவதா என்பதற்கு முன், மதிப்புக்குரியதாக நிதி நடத்தப்படுகின்றதா என்று கேட்டல் முறை.

ஒருகாலத்தில் இந்நிதி பெரிதும் மதிக்கப்பட்டது. 1964 அக்டோபரில் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தலைமன்னாரிற் கப்பலேறிய அக்குடும்பங்களுக்கு இந்நாட்டில் நிலமில்லை, வீடில்லை, வாக்கில்லை. நாட்டைவிட்டு நிலையாக நீங்குவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடங்கொடுத்த சேமலாப நிதி ஒன்றே பலர்க்கு முழு வாழ்நாள் உழைப்பின் எழுத்துச் சான்றாய் நின்றது. 4 வீதம் கழிக்கப்பட்ட காலத்தில் முணுமுணுத்தோரும் அன்று அதனை வரி என்றிரார்.

இன்று அம்மதிப்பைக் குறைப்பன இரண்டு. ஒன்று, வட்டி. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டுக்கு நிதி கொடுத்த வட்டி 9 வீதம். முப்பதாண்டு பறித்த கொழுந்தின் சேமிப்பு ஒரே ஆண்டிற் கணிசமான அளவு மதிப்பிழந்தது. சட்டம் எதுவும் திருத்தப்படவில்லை. வீதம் எதுவும் ஏற்றப்படவில்லை. எனினும் சேமிப்பாயிருந்த பகுதி வரியாக மாறிற்று. நிதியின் பெரும்பங்கு அரசினர் கடன்முறிகளில் இடப்பட்டிருப்பதால், அவ்வரியைப் பெற்றவர் எவர் என்பதும் வெளிப்படை. 2023இல் வட்டி 13 வீதமாயிற்று, இழந்தது மீளவில்லை.

மற்றது, பெயர். தோட்டப் பதிவேட்டில் ஒரு காலத்துக் கணக்கப்பிள்ளை தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று. பிறப்புச் சான்றில் வேறொன்று. அடையாள அட்டையில் மூன்றாவது. மூன்றும் ஒருவரே என்று நிறுவுதற்குச் சத்தியக்கடதாசி, கிராம சேவகர் உறுதி, பதுளைக்குப் பல பயணம். ஒவ்வொரு பயணமும் ஒரு நாட் கூலி. நிருவாகங்கள் கழித்த பணத்தைக் காலத்திற் செலுத்தாது வைத்திருத்தலும் உண்டு. அதற்குத் தண்டமாக 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் சட்டத்தில் உளது. கிடையாது போகலாம் என்று அஞ்சப்படும் பணத்துக்காக எவரும் கைக்கூலியை விட்டுக்கொடார்.

ஆகவே வீதத்தை இன்னும் ஏற்றல் வேண்டும் என்னும் கோரிக்கை எழும்போதெல்லாம் நான் ஐயுறுகின்றேன். ஏற்றிய வீதம் செக்றோலில் உள்ளோர்மேல் மாத்திரம் விழும். செக்றோலோ ஆண்டுதோறும் சுருங்குகின்றது. 23 வீதத்தை 25 ஆக்குவதினும், பங்குமுறையிற் கொழுந்து கொடுப்பவர்க்கும் கைக்காசுக்குப் பறிப்பவர்க்கும் அதிற் பாதி வீதத்திலேனும் ஒரு கணக்கைத் திறத்தல் அதிகம் பயன்தரும். கொழுந்து நிறுக்கப்படும் தராசடியிலேயே ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று கழித்து, வாங்கும் தொழிற்சாலை தன் பங்கையும் சேர்த்துச் செலுத்தலாம். நிறைக்கேற்பப் பணம் கணிக்கும் ஏடு அங்கே முன்னரே இருக்கின்றது.